எதிர் சீட்

– பக்கத்தில இடம் இருக்கு. இஞ்ச வந்து இருங்கோவன்.

– இங்கியே இருக்கறேன் அம்மிணி. காலை நீட்டிக்கலாம்.

– ஓம், நீட்டுங்கோ. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் ரெயில்ல எதிர்ச் சீட்தான் உங்களுக்கு. பாக்கிற சனம் எங்களைப் புருசன் பெண்சாதி எண்டு நினைக்குமே? சரி, ஏர்ல்ஸ் கோர்ட்டில ரெயில் மாறின நேரம் தொடக்கம் கேக்கிறன். ஆர் அவ?

– யாரு?

– நடிக்காதீங்கோ. விம்பிள்டன் கோயில்ல, சாப்பிடேக்க. பச்சைச் சீலை. நீங்கள் இந்தக் கரை, அவ அந்தக் கரை. நடுவில மேளம், பிள்ளையளின்ர கத்தல், சாம்பார் வாளியோட ஓடுற சனம். நீங்கள் ரெண்டு பேரும் சத்தமே இல்லாமல் வாயை அசைச்சு அசைச்சுக் கதைக்கிறியள். நான் பக்கத்தில பாயாசக் கிண்ணத்தோட விசரி மாதிரி இருக்கிறன்.

– ஓ, மரகதத்தச் சொல்றியா? எங்க மில்லுல கூட வேலை செஞ்சவ. பையன் இங்க ஐ.டி.யில இருக்கறானாம். பேரனப் பாத்துக்க வந்திருக்கறா.

– இவ்வளவும் வாய் திறக்காமல் சொல்லிப்போட்டாவோ?

– வாயத் திறந்துதான் சொன்னா. சத்தந்தான் இல்ல. தறி ஷெட்டுப் பழக்கம் யோகம் அது. இருநூறு தறி ஒண்ணா ஓடும். காதுகிட்ட வந்து கத்துனாலும் ஏறாது. அதனால எல்லாரும் உதட்டுலயே பேசிக்குவோம். பத்தலைன்னா கை. மேஸ்திரி வர்றார்னா மீசையத் தொடுவோம். டீ வந்துருச்சுன்னா கட்டை வெரலு. ஆணு பொண்ணு எல்லாத்துக்கும் ஒரே பாசைதான்!

– மெல்லக் கதையுங்கோ, சனம் திரும்பிப் பாக்குது. என்னோட எண்டால் ஊர் கேக்கக் கத்துறது. அவவோட மட்டும் சத்தமில்லாத கதை.

– பழகுன ஆளு. வேற ஒண்ணுமில்ல.

– உங்கட மில்லூர்ச் சரித்திரம் எனக்குப் பாடம். கோயமுத்தூர்ப் பக்கம். மில் சங்கு ஊதினால்தான் அடுப்புப் பத்தும், சங்கு ஊதினால்தான் பிள்ளையள் பள்ளிக்கூடம் வெளிக்கிடும். தலையெல்லாம் பஞ்சோட லைன் வீட்டுக்கு வாறது. போனஸ் கேட்டு ஸ்ட்ரைக். மில் கேட்டில கஞ்சித் தொட்டி. பிறகு முதலாளி போட்ட பூட்டு, திறக்கவே இல்லை. நீங்கள் குவைத்துக்கு ஓடி, அங்கையிருந்து லண்டனுக்கு வந்து, எங்கட அண்ணையின்ர கடையில தோசை மாஸ்டர். செத்த மேஸ்திரியின்ர பேர்கூட எனக்குத் தெரியும். மரகதம் எண்ட பேர் மட்டும் ஒரு நாளும் வரேல்லை.

– வர்ற மாதிரி ஒண்ணும் இல்லியே.

– ஒண்டுமில்லாதவளோட ஏன் அவ்வளவு சிரிப்பு?

– மில்ல இடிச்சுட்டு அப்பார்ட்மென்ட் கட்டிட்டாங்களாமா. எங்க தறி ஷெட்டு இருந்த எடத்துல நீச்சல் குளமாம். சங்குக் கோபுரத்த மட்டும் அழகுக்குன்னு பெயிண்ட் அடிச்சு விட்டு வெச்சிருக்கறாங்களாம். செக்யூரிட்டிக்காரன் அவள உள்ளயே விடலையாம். அதச் சொல்லித்தான் சிரிச்சா.

– நீங்கள் கண்ணைத் துடைச்சதைக் கண்டனான்.

– பதினேழு வயசுல உள்ள போனவன் யோகம். தொடச்சிருப்பேன்.

– நான் சொல்லி நீங்கள் அழுது ஒரு நாளும் காணேல்லை. அழ வேண்டாம், பதிலாவது சொல்லலாம். குசினியில நிண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஏன் எண்டு கேக்கமாட்டீங்கள். போன் எடுத்தால், டெக்ஸ்ட் அனுப்பு எண்டுறது. லைற்றை நிப்பாட்டினால் கதையும் நிண்டுபோம். இருட்டில எத்தினை தரம் அழுதழுது கதைச்சிருப்பன். ஒரு உம் கொட்டினது இல்லை. அவளுக்கு மட்டும் அத்தினை சனத்துக்கு நடுவில உடன பதில்.

– களைப்பு அம்மிணி. நாள் பூராத் தோசைக் கல்லு முன்னால நிக்கறவன்.

– விசர்க் கதை! சரி, இதைச் சொல்லுங்கோ. வெளிக்கிடேக்க அவள் என்னைக் காட்டினாள். பிறகு தன்ர காதைத் தொட்டாள். என்ன சொன்னவள்?

– உன் தோடு நல்லாயிருக்குன்னா.

– இந்தத் தோடோ? கல்லு விழுந்து ஒரு வருசம். தோட்டை மெச்சினதுக்கு ஆரேன் தலை குனிவினமே? நீங்கள் குனிஞ்சனீங்கள். என்னைக் காட்டி ஏதோ பகிடி பண்ணியிருக்கிறாள்.

– அய்யோ, அவ அப்படிப்பட்டவ இல்ல.

– பாத்தீங்களே, எவ்வளவு கெதியா வக்காலத்து! இஞ்சேருங்கோ, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. அவளில விருப்பம் இருந்ததோ?

– இருந்துச்சு. சின்ன வயசு. எதிர் வரிசைத் தறி அவளுது. அப்புறம் மில்லு மூடுச்சு. அவளத் திருப்பூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான் கதை.

– அவ்வளவுதான். வடிவாச் சொல்லிப்போட்டீங்கள். எனக்கு நெஞ்சு பத்தி எரியுது. இனி உங்களைப் பாக்கமாட்டன். ஈஸ்ட் ஹாம் வரும்வரைக்கும் ஜன்னலைப் பாத்துக்கொண்டு வாறன்.

– கோவிச்சுக்காத யோகம்.

– அவளையே கட்டியிருக்கலாமெண்டு இண்டைக்கு நினைச்சுப் பாத்தீங்கள், என்ன?

– ஆமா, ஆமா.

– என்ன? ஆமாவோ?

– ஏன் அழுவறே? இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?

– அவளைக் கட்டியிருக்கலாமோ எண்டு கேட்டன். வாய் கூசாமல் ஆமா எண்டுறீங்கள்!

– அதையா கேட்டே? அய்யோ சாமி! வழக்கம்போலத் திட்டறேன்னு நெனச்சு ஆமான்னேன். நீ ஜன்னலப் பாத்துச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?

– ஜன்னலைப் பாத்தால் என்ன? காதாலதானே கேக்கிறது?

– ரயிலு சத்தம்...

– ரெயில் சத்தத்தில எனக்கே என்ர குரல் கேக்கேல்லை. நீங்கள் இவ்வளவு நேரமும் ஒரு சொல்லு விடாமல் பதில் சொன்னனீங்கள். பொறுங்கோ. முந்தானையால வாயை மூடிக்கொண்டு சொல்லுறன். இப்ப நான் என்ன சொன்னனான்?

– முந்தானைய எடு யோகம்.

– என்ன சொன்னனான்?

– எடுத்துட்டுச் சொல்லு. சனம் பாக்குது.

– கடவுளே. அவள் காதைத் தொட்டது என்ர தோட்டுக்கு இல்லை.

– இல்ல.

– என்ன கேட்டவள்?

– நீ பேசறப்ப நான் உன் உதட்டப் பாத்ததக் கண்டுட்டா. உனக்குக் காது போனது இந்தம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டா. தெரியாதுன்னேன். ஷெட்டுல இருந்தவங்க எல்லாத்துக்கும் போச்சு, அவளுக்குந்தான். எனக்கு எடது காது அங்கியே போயிருச்சு. வலது இங்க வந்து கொஞ்சங் கொஞ்சமா. செவிடன்னு தெரிஞ்சா உங்கண்ணன் கடையில வெச்சிருப்பாரா? உன்னையத்தான் குடுத்திருப்பாரா?

– அண்ணையை விடுங்கோ. இத்தினை வருசத்துக்குப் பிறகு கண்டவள் ஒரு பந்தியில கண்டுபிடிச்சாள். பக்கத்தில படுக்கிற எனக்குத் தெரியேல்லை. எனக்கு அதுதான் பொறுக்க ஏலாமல் கிடக்கு. முந்தி, கடையில நான் கதைக்கேக்க, கண் வெட்டாமல் என்ர முகத்தையே பாப்பீங்கள். இந்த லண்டனில ஒரு ஆம்பிளை எண்டாலும் நான் சொல்லுறதை இப்பிடிக் கேக்கிறானே எண்டுதான் அண்ணையோட சண்டை பிடிச்சு உங்களைக் கட்டினனான். அது காதுக்காகப் பாத்த பார்வையோ?

– ஆமா. பாத்தாத்தான் வெளங்கும்.

– அவளையும் அப்பிடித்தானே பாத்தீங்கள்?

– அவளையும் அப்படித்தான். பொய் சொல்லலை. ஆனா மரகதத்தோட குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது யோகம். உள்ள தறிச் சத்தம். வெளிய ஒரு வார்த்தை பேசுனா லைன் வீடு பூராப் பரவிரும்னு பேசுனதே இல்ல. இன்னைக்கும் கேக்கலை. உன் குரல் தெரியும். கல்லாவுல நின்னுக்கிட்டு, ‘மாஸ்டர், ரெண்டு நெய்த்தோசை’ன்னு கடை அதிரப் போடுவியே, அது. வலது காது அடைக்கற வரைக்கும் அதத்தான் கேட்டுட்டிருந்தேன். இப்பவும் நீ உதட்ட அசைச்சா அந்தக் குரல்லதான் எனக்குள்ள கேக்குது. யோகம், இப்பவாச்சும் பக்கத்துல வந்து உக்காரட்டுமா?

– வேண்டாம். எழும்பாதீங்கோ. எதிரிலயே இருங்கோ. நான் இன்னும் திட்டி முடிக்கேல்லை.