சேர்ந்து எழுதிய புத்தகம்

இன்னொருவனோடு சேர்ந்து புத்தகம் எழுதிப் பார்த்தவருக்குத்தான் கல்யாணம் எவ்வளவு சுலபம் என்று தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. நானும் செலிக்கும் பதினோரு வருடம் எழுதினோம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, யித்திஷில் எழுதுவதா எபிரேயத்தில் எழுதுவதா என்று எங்கள் யூத எழுத்தாளர்கள் இதே வில்னியஸின் காப்பிக் கடைகளில் அடித்துக்கொண்ட வரலாறு. யித்திஷ் பாதி அவனுக்கு, எபிரேயப் பாதி எனக்கு.

தங்கமான மனுஷன். ஆனால் புத்தகத்தை முடிக்க விடமாட்டான்.

"அச்சுக்குக் குடுத்துடலாம்டா, மிச்சமெல்லாம் சில்லறை வேலைதான்" என்பேன்.

"என்ன அவசரம் லேவா? செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க. நீ உன் பாதிய இன்னொரு தடவை பாரு."

அவர்கள் ஓட மாட்டார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் பெயர் போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் பிடிக்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். எங்கள் துறையில் ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தால், அவர் விட்டுப்போனதை நினைவு மலராகச் சட்டென்று கொண்டுவந்துவிடுவார்கள்.

செலிக்குக்கு வால்நட் ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் கால் மணி நேரத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் யார் எதைக் கொடுத்தாலும் ஆயிரம் கேள்வி கேட்பான். எங்கள் புத்தாண்டில் மட்டும் கேட்க மாட்டான். அன்று பலகாரத்தில் கொட்டைப் பருப்பு சேர்ப்பதில்லை என்பது வழக்கம். தேன் கேக்கை நானே செய்தேன். நைசாக அரைத்து மாவில் கலந்ததில் ஒன்றும் தெரியவில்லை.

"பரவாயில்லையே, உனக்குக்கூடக் கைப்பக்குவம் இருக்கு" என்று இரண்டாவது துண்டும் கேட்டான்.

எப்போதும் அவன் கோட்டுப் பையில் இருக்கும் ஊசி மருந்து, அன்று என் பையில் இருந்தது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசிவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த சில வாரங்களில் அவன் மனைவி ராயாவை அழைத்துக்கொண்டு பதிப்பாளரிடம் போனேன். அவள் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"அவரோட பாதி முடிஞ்சு நாலு வருஷமாச்சு. உங்க மனசு சங்கடப்படும்னு என்னையும் சொல்ல விடல. உங்க கடைசி ரெண்டு அத்தியாயத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தார்."

அப்படியும் சொல்லலாம். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா. சிறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை கிடைத்தால் ஒரே மாதத்தில் முடித்துவிடுவேன். இப்போதுதான் தாமதப்படுத்த செலிக் இல்லையே.