நாபெல் கடைகளின் பெயர்கள்

உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஒரு சொட்டு நாரத்தம்பூப் பன்னீர் விட்டிருந்தால் இன்னும் மணமாக இருக்கும். நாரத்தம்பூ விளையும் நாபெலில் இருந்துகொண்டு அது இல்லாமல் காபி குடிப்பது கொஞ்சம் அநியாயம். இந்த வருஷம் பன்னீருக்குத் தட்டுப்பாடு என்கிறார்கள். அதில் எனக்கும் பங்குண்டு. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தாராளமாக எழுதுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

என் பெயர் முன்ஜி. இந்த ஊர்ச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பவன். மண்பாண்டக்காரர், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது அரைப்பவர், பாய் முடைபவர், எல்லோரும் நம் ஆட்கள். கடைக்கு இணையத்தில் ஒரு பெயர் வேண்டுமே, அந்த டொமைன் யார் பேரில் பதிவாகிறதோ அவர்தான் அதற்குச் சொந்தக்காரர். எல்லாவற்றையும் என் பேரிலேயே பதிந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரே தட்டில் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் சாப்பிட்டவனிடம் 'என் பேரில் மாற்றிக் கொடு' என்று கேட்பது அவன் முகத்தில் அடிப்பது மாதிரி.

நான் தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு முழுக்க ஆட்டுக்கறி மணக்கும்போது அறைக்குள் உட்கார்ந்து டப்பா மீனைப் பிரிப்பது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

பன்னீர் வடிக்கும் ஸல்வா அக்காவிடம்தான் இது ஆரம்பித்தது. முதல் தடவை தற்செயல்தான், சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை அவள் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அது இல்லாவிட்டால், கடைக்குள் வருகிறவர்களைச் சிவப்புத் திரை ஒன்று வழிமறித்து, உள்ளே போனால் உங்கள் விவரங்களைத் திருடிவிடுவார்கள் என்று பயமுறுத்தும். பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினேன், சரியாகிவிட்டது. அது ஒரு பொத்தான் வேலை என்று அவளுக்குத் தெரியாது.

"தம்பி, நாளைக்கு நம்ம வீட்லதான் சாப்பாடு. வரலேன்னா பாரு, உன் காதைத் திருகிடுவேன்" என்றாள்.

மறுநாள் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். இருந்ததிலேயே பெரிய கறித்துண்டை என் பக்கம் தள்ளி வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சான்றிதழ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அன்று சாயங்காலமே எல்லாக் கடைகளுக்கும் அதை அணைத்து வைத்தேன். எந்த வீட்டில் எது ருசி என்று பார்த்து, வாரம் ஒரு கடைக்குச் சிவப்புத் திரை வரும்படி ஏற்பாடு. பாய்க்காரர் வீட்டில் மீன் கூஸ்கூஸ், அதற்குக் கோடைகாலத்தை ஒதுக்கினேன். ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

இந்த வசந்தத்தில் ஸல்வா அக்காவின் மகள் ரீம் பூ வேலைக்குக் கைகொடுக்கத் தலைநகரிலிருந்து வந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் பெண், எதையும் ஆராய்ச்சி செய்கிற கண்.

"அம்மா, கடை உன்னோடது, பேரு மட்டும் எப்படி இவரோடது?"

"வாயை மூடுடி, வெட்கமா இல்ல? தம்பிகிட்ட போய்..." என்று அக்கா அதட்டினாள். ஆனால் இரண்டு நாள் கழித்து அவளே தரையைப் பார்த்துக்கொண்டு, "மாத்திக் குடுத்துடேன் தம்பி, இவ நச்சரிக்கிறா" என்றாள்.

எனக்கு வலித்தது. நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்பாக நினைவுபடுத்த வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நாரத்தம்பூ காத்திருக்காது ஐயா. பறித்தவுடன் வடிக்க வேண்டும். வெளியூர் ஆர்டர்களை நம்பி ஒரு தோப்புப் பூவையே அக்கா வாங்கிக் கொட்டியிருந்தாள். அந்தப் பருவம்தான் அவளுக்கு வருஷத்துச் சோறு. வியாழக்கிழமை சிவப்புத் திரை வந்தது. ஆர்டர் நின்றது, விறகுக்கும் புட்டிக்கும் பணமில்லாமல் வடிப்பதும் நின்றது. நான் தினமும் போய் மடிக்கணினி முன் உட்கார்ந்து, சரிசெய்யப் பாடுபடுவதுபோல் முகத்தைச் சுளித்தேன். அவள் வெள்ளைப் பூக்குவியலைப் பார்த்து அழுதுகொண்டே எனக்குப் பாதாம் பலகாரம் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூவெல்லாம் பழுப்பேறிவிட்டது.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரீம் கையில் போனோடு வந்தாள். "சான்றிதழ் குடுக்கற கம்பெனியில விசாரிச்சேன்மா. தானா புதுப்பிக்கறதை நிறுத்தி வெச்சதே இவருதானாம்."

அக்கா கத்தவில்லை. கறித்துண்டு மகள் பக்கம் போகும்படி தட்டை மெல்லத் திருப்பினாள். "பசிச்சா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடா. போட்டிருக்க மாட்டேனா?"

அது தவறான பேச்சு ஐயா. கேட்டு வாங்கித் தின்றால் நான் பிச்சைக்காரன். என்னை அழைத்தார்கள், நான் விருந்தாளி. அதனால் வீட்டுக்கு வந்ததும் அவள் டொமைனை நிதானமாக ரத்து செய்தேன். அவள் கடைப் பெயரில் இப்போது யாரோ ஒரு ஆள் சூதாட்டம் நடத்துகிறானாம். பன்னீர் வடிக்கும் செம்பு அண்டாவை அக்கா விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவம், நல்ல அண்டா.

மற்றக் கடைகளின் கடவுச்சொற்களைக் கேட்டீர்கள். தருவதற்கில்லை, மன்னிக்க வேண்டும். நான் இங்கேயே இருந்தால் இந்த வாரம் தொடங்கி வாரம் ஒரு கடையாகச் சிவப்பாகும். எல்லோரும் என்னைத் தேடிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். வெறுங்கையோடு வருகிற ஜனம் இல்லை நம் ஜனம். ஞாயிற்றுக்கிழமை வாசல் காவலரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், தட்டோடு வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்று.