டிஸ்க்குல இறங்குச்சா?

கவிப்ரியா: ...அதான் கேக்குறேன். அந்த ஒரு வரிய எதுக்கு எடுத்தீங்க?

குருநாதன்: இப்பவா கேக்கணும்? கீழ எங்கம்மா கேசரித் தட்டக் கையில வச்சுக்கிட்டு...

கவிப்ரியா: கேசரி எங்கயும் போகாது. பதில் சொல்லுங்க.

குருநாதன்: பொண்ணு பாக்க வந்தவன மொட்டமாடியில நிக்க வச்சு கம்ப்யூட்டர் புரோகிராம் திருத்துற ஒரே ஆளு நீங்கதான்.

கவிப்ரியா: நாமெல்லாம் சேந்து சம்பளமில்லாம ஓசியில எழுதுற கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்காக ரெண்டு வருசமா மெசேஜ்லயே சண்ட போட்டாச்சு. இப்பத்தான் ஆளு நேர்ல சிக்கியிருக்கு. விடுவேனா?

குருநாதன்: வேகத்துக்காக எடுத்தேங்க. அந்த வரி இருந்தா, ஒவ்வொரு தடவையும் ஃபைலு டிஸ்க்குல இறங்குச்சான்னு கேட்டு நின்னு ஆமையா ஊருது.

கவிப்ரியா: ஊரட்டும். புது ஃபைலு டிஸ்க்குல முழுசா இறங்குமுன்னயே பழசத் தூக்கிட்டு, அது பேர இதுக்கு வைக்கிறீங்க. நடுவுல கரண்டு போனா?

குருநாதன்: அதெல்லாம் போகாது...

கவிப்ரியா: போகாதாம்ல! பழசும் இருக்காது, புதுசும் காலியாக் கெடக்கும். எழுதுனா முழுசா எழுதணும், இல்லாட்டி பழசு அப்படியே இருக்கணும். அதுக்குத்தான நீங்க எழுதி அனுப்புன இந்தத் திருத்தமே!

குருநாதன்: எத்தனையோ தடவ ஆஃப் பண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல.

கவிப்ரியா: எப்படி ஆஃப் பண்ணீங்க?

குருநாதன்: ...பட்டன அமுக்கி.

கவிப்ரியா: அமுக்குனா அது எல்லாத்தையும் எழுதிட்டுத்தான அணையும்! புதுமடத்துல மீன்புடிக்கிற போட்டுக்காரவுக நம்ம சிஸ்டம் ஓடுற திசைக் கருவிய எப்படி அணைக்குறாக தெரியுமா? கரையேறுனதும் பேட்டரி வயரப் புடுங்கி, கருவியக் கூடையில போட்டுட்டுப் போயிருவாக. மீன் கெடைக்கிற எடம் பூராம் அதுக்குள்ளதான் இருக்கு.

குருநாதன்: சரி தாயே... அந்த வரிய இன்னைக்கே போட்டுர்றேன்.

செவ்வந்தி: ஏத்தா கவி! மேல என்ன சத்தம்? மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா இல்லையான்னு அய்யா கேக்குறாக!

கவிப்ரியா: செத்த பொறுங்க மதினி, வாரேன்!

குருநாதன்: நெசமாவே... என்ன சொல்லப் போறீங்க? பரமக்குடியில ஒரு மாப்பிள்ள, கவர்மெண்டு வேலைன்னு...

கவிப்ரியா: அய்யாவுக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. எனக்கும் ஊர விட்டு ஒங்க பெங்களூருக்கு வர ஏலாது. அத முன்னாடியே சொல்லிட்டேன்.

குருநாதன்: அது வந்து... பெங்களூரு இனி இல்ல.

கவிப்ரியா: என்னது?

குருநாதன்: வேலைய விட்டாச்சு. ராம்நாட்டுலயே ஒண்ணப் பாத்துக்கலாம்னு...

கவிப்ரியா: பாத்தாச்சா?

குருநாதன்: தேடணும்.

கவிப்ரியா: அட கூறுகெட்ட மனுசா! நான் சரின்னு சொல்லுமுன்னயேவா? அந்த வரிய எடுத்த அதே புத்திதான இது! வேலையில்லாத மாப்பிள்ளன்னு அய்யாகிட்ட நான் எப்படிப் போய் நிக்க?

குருநாதன்: திட்டுங்க, நியாயந்தான். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒங்கள விட மனசு வரல... வேணாம்னா விடுங்க, பரமக்குடிக்காரருக்கே சரின்னு சொல்லிருங்க.

கவிப்ரியா: அது முடியாது.

குருநாதன்: ஏன்?

கவிப்ரியா: நீங்க பாக்க வாரீகளா இல்லையான்னு தெரியுமுன்னயே, அவுக வீட்டுக்குப் போனப் போட்டு நானே வேணாம்னு சொல்லிட்டேன்... அய்யாவுக்கு இன்னும் தெரியாது.