சித்தி வீட்டு ஒரு மணி நேரம்

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குப் பொறுமை அதிகம், அத்தான். ஒரே பின்னக் கணக்கை ஏழு தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அந்தப் பேர் உண்டு. அதனால்தானே அக்கா உங்கள் சிட்டுவை என்னிடம் அனுப்பினாள்.

நேற்று நீங்கள் வந்து கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அக்காவும் கூட நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை தடித்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். தேர்வுக்குப் பிறகு பேனாவையே தொடாமல் இருந்த சிட்டுவைக் கெஞ்சி உட்கார வைத்து, அடுப்படி அலாரத்தை வைத்து ஒரு பரீட்சை நடத்தினீர்களாம். மணி அடித்ததும், "சித்தி வீட்டுல ஒரு மணி நேரம் இதைவிடப் பெருசுப்பா" என்றாளாம். அவள் சொன்னது சரி. பெரிதுதான்.

சிட்டுவைச் சேர்க்க நீங்கள் ஆசைப்பட்ட அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் அறுபது கேள்வி, அறுபது நிமிடம். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. அதையே சாக்காக வைத்து எங்கள் வீட்டிலும் அவள் கடிகாரத்தைக் கழற்றி வாங்கிவிடுவேன். சுவரில் மாட்டியிருந்ததையும் இறக்கிவிட்டேன். நேரம் சொல்வது என் வேலை. முதல் மாதம் அறுபத்தைந்து நிமிடம் விட்டேன். பிறகு எழுபது. கடைசியில் எழுபத்தெட்டு. "பாதி நேரம்தான் ஆச்சு, நிதானமா ரெண்டு தரம் சரிபாரு" என்பேன். தங்கமான பிள்ளை, சொன்னபடி கேட்டாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று மார்க் வாங்கினாள். நீங்களே மெச்சினீர்கள். என் மகளுக்கு மட்டும் தனியாக, காலையில், சரியான அறுபது நிமிடம். சேர்த்து வைத்தால் அரட்டை அடிப்பார்கள் என்று சொல்லிப் பிரித்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டீர்கள். முதல் நாள் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்ன சொன்னாள்? "உன் பொண்ணும் சும்மா பரீட்சை எழுதட்டும்டி. போட்டிக்கு ஒரு ஆள் இருந்தாத்தான் என் பொண்ணுக்குச் சூடு பிடிக்கும்." என் மகள் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே நின்றிருந்தாள். நீங்கள் சிரித்தீர்கள், அத்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. பிறந்ததிலிருந்து நான் அக்காவுக்குத் துணை. பாட்டு வகுப்புக்குத் துணை, விடுதிக்குப் பெட்டி தூக்கத் துணை, பிரசவத்துக்குத் துணை. அந்தப் பிழைப்பு என்னோடு ஒழியட்டும் என்று நினைத்தேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

தேர்வு நாளில் இரண்டு பேரையும் நான்தான் அழைத்துப்போனேன். சிட்டு வெளியே வந்தபோது பேனாவை மூடக்கூட இல்லை. பதினேழு கேள்விகளை அவள் பார்க்கவே இல்லை. அழவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரைக் கெடுத்துட்டேன் சித்தி. நான் மண்டு" என்றாள். "பரவாயில்ல கண்ணு, எல்லாராலயும் முடியுமா" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். சோறு இறங்கவில்லை, தூக்கத்தில் எண்ணிக்கொண்டே இருக்கிறாள் என்று அக்கா பிறகு என்னிடமே வந்து அழுதாள். அது உன் தப்பில்லை என்று நான் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்காவுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எல்லாம் என் மகளுக்காகத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கும் இடம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். முடிவு வந்த அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் உங்கள் மகளின் எண்ணை மேலிருந்து கீழாக மூன்று தடவை தேடினேன். இல்லை. நெஞ்சு குளிர்ந்து போயிற்று. அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள்தான் கேட்டாள், "என் நம்பரைப் பாத்தியாம்மா?"