ரெண்டு சுண்டு

சுகதன்: விடுங்க பைலிச்சேட்டா! கயித்த விடுங்க! வெட்டின கிளை என் மேலயே திரும்பி வருது!

பைலி: விட்டாச்சு! விட்டாச்சுடா! காலைத் தூக்கு!

சுகதன்: அய்யோ... முட்டி...

பைலி: பட்டுருச்சா? இறங்கு. இறங்குடான்னா!

சுகதன்: இறங்கிட்டேன், கத்தாதீங்க. தோல்தான் உரிஞ்சுது. தலையா இருந்தா, என் பொண்டாட்டி உங்க வாசல்ல உக்காந்திருப்பா.

பைலி: உக்காரட்டும். கப்பக்கிழங்கும் மீனும் போடுறேன்.

சுகதன்: ரெண்டு சுண்டு சுண்டினேனே சேட்டா! மரம் அறுக்குற மிஷின் வாள் சத்தத்துல பேச்சு கேக்காதுன்னு நீங்க வச்ச வழக்கம்தானே? ரெண்டு சுண்டுன்னா கிளை அறுந்துச்சு, கயித்த இளக்கு. உங்க செட்டுல சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு தரம் தப்பினதில்ல.

பைலி: கிளை டீச்சர் வீட்டு ஓட்டு மேல விழுந்திருமோன்னு பாத்துட்டு நின்னேன்...

சுகதன்: பொய். என்னையத்தான் பாத்துட்டு நின்னீங்க. கொஞ்ச நாளாவே இப்படித்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து, கண்ணு கொட்டாம...

பைலி: நீ பெரிய சினிமா நடிகை பாரு!

சுகதன்: சிரிக்காதீங்க. ஷார்ஜா வேலைக்குப் பேசி முடிச்சது நீங்க. இடுப்பு பெல்ட்டு வாங்கித் தந்தது நீங்க. இப்ப என்னைய விட மனசில்ல. கயித்தயும் விட மாட்டேங்குறீங்க.

பைலி: ஆமா... அப்படியே வச்சுக்கோ.

சுகதன்: அப்ப நான் போகல.

பைலி: எடா...

சுகதன்: போகல. அங்க என்ன இருக்கு? ஈச்சமரம், முள்ளு. ஒரு காக்கா உக்கார நிழல் கிடையாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்து மாமரம் இருக்குல்ல... நான் மேல, நீங்க கீழ.

பைலி: அந்த வேலைய வேண்டாம்னு சொல்லிட்டேன்.

சுகதன்: பாத்தீங்களா! நான் இல்லாம ஒரு மரத்துக்கும் போக மாட்டீங்க. எனக்கும் அப்படித்தான் சேட்டா. உங்க கயித்த நம்பித்தானே இத்தனை வருஷம் ஏறினேன்? வேற எவன் கயித்தயும் நம்பி ஏற மாட்டேன்.

பைலி: போதும்டா... நிறுத்து.

சுகதன்: என்ன, அழுவுறீங்களா?

பைலி: விட மனசில்லாம இல்லடா சுகதா. நீ சுண்டினது... எனக்குத் தெரியல.

சுகதன்: எப்படித் தெரியாம போகும்? கயிறு உங்க கையிலதானே...

பைலி: கைதான்டா செத்துப்போச்சு. இத்தனை வருஷம் மிஷின் வாள் பிடிச்சுப் பிடிச்சு, அந்த அதிர்வுல விரல்ல ஒரு உணர்ச்சியும் இல்ல. மாசக்கணக்கா, நீ சுண்டும்போது உன் முழங்கை ஆடுறதப் பாத்துத்தான் கயித்த விட்டுட்டிருக்கேன். இன்னைக்கு... இலை மறைச்சிருச்சு.