கையறுநிலைக்கு இரண்டு பொருள்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. இந்த நாற்காலியில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பது எனக்கே வியப்பாக இருக்கிறது, மேடம். வகுப்பிலும் நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவேன். நடுவில் எழுந்து ஜன்னல் வரை போனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் மரிய ஆல்பர்ட். பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். வீடு அரியலூரில். தனியாக இருக்கிறேன்.

நான் பதில் கவிதை எழுதுகிறவன். பிடித்த கவிஞரின் கவிதை ஒன்றை எடுத்துக்கொள்வேன். அது யாரிடம் பேசுகிறதோ, அவர் திரும்பிப் பேசினால் என்ன சொல்வார் என்று எழுதுவேன். காதலிக்கு எழுதியது என்றால் காதலி பேசுவாள். மழைக்கு எழுதியது என்றால் மழை. இது நகல் அல்ல. ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் பேசியிருக்க வேண்டும். வெறும் தாளைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் வராது.

செந்துறை மருதாயியை நான்கு வருடம் முன்பு ஒரு நூலகக் கூட்டத்தில் கேட்டேன். எட்டாவது படித்தவர். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. விரல்நுனிகள் கறுத்திருக்கும். ஒரே மகன் பூவரசன், பத்தொன்பது வயதில் அப்பா அடித்தார் என்று வீட்டை விட்டுப் போனவன். அப்பா இறந்ததுகூட அவனுக்குத் தெரியாது. மருதாயி எழுதுவதெல்லாம் அவனுக்குத்தான். அன்று வாசித்தது மூன்று வரி.

உலை கொதிக்கிறது.
ஓர் ஆள் அரிசி கூடவே போட்டுவிட்டேன்.
கை சொன்ன பேச்சு கேட்கவில்லை.

திரும்பி வருகையில் பஸ்ஸில் நான் உட்காரவில்லை. இடம் இருந்தது. அன்றே மகன் பேசுவதாக ஒரு பதில் எழுதினேன். எனக்கான அரிசி நிலவில் வேகிறது என்று தொடங்கும். ஒரு சிற்றிதழ் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிட்டது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் காலண்டர் தாளின் பின்புறம் எழுதித் தருவார். நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். அதனால் இரண்டு கவிதைக்கும் கீழே என் போன் எண்தான் இருக்கும்.

என் பதில்களை அவருக்குப் படித்துக் காட்டுவேன். சிரிப்பார்.

"எம்புள்ள இம்புட்டு அழகாப் பேசமாட்டான் சார். வந்ததும் சோத்தைப் போடும்பான். அம்புட்டுதான்."

அவருக்கு இலக்கியப் பயிற்சி இல்லை. நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

இந்த வருடம் தை மாதம் ராசாத்தி என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பூவரசனைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டாள். மருதாயி வேலையை விட்டுவிட்டு தினமும் அங்கே போய் உட்கார்ந்தார், தூக்குவாளியில் சோற்றோடு. கல்லூரி முடிந்து வருகையில் பார்ப்பேன்.

"என்னம்மா, புதுசா ஒண்ணும் எழுதலையா?"

"அவன் வந்துட்டா எழுதி என்னா சார் பண்றது? நேராவே திட்டிப்புடுவேன்ல."

"வரலேன்னா?"

"ஏன் சார், எம்புள்ள கெடைக்கணுமா ஒங்களுக்கு, கெடைக்கக் கூடாதா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன்.

அந்த இரண்டு மாதம் அவர் ஒரு வரி எழுதவில்லை. நானும்தான். சாயங்காலங்களில் சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையில் நடந்தேன். புழுதியில் சட்டை வெளுத்துப்போகும். வீட்டுக்கு வந்து கழுவிக்கொண்டு மறுபடி நடந்தேன். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன். ராசாத்தி பார்த்தது வேறு யாரையோ என்று தெரிந்ததும் மருதாயி பஸ் ஸ்டாண்டுக்கு வருவதை நிறுத்தினார். பங்குனியில் ஒன்பது கவிதை எழுதினார். அவர் எழுதியதிலேயே சிறந்தவை அவைதான். சந்தேகமிருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துக் கேளுங்கள்.

அவற்றில் கடைசிக் கவிதைக்கு நான் எழுதிய பதிலின் தலைப்பு 'கையறுநிலை'. செய்வதறியாமல் நிற்கும் நிலை என்று ஒரு பொருள். மருதாயி கேட்டபோது அதைத்தான் சொன்னேன். இலக்கணத்தில் இன்னொரு பொருள் உண்டு. இறந்தவரை நினைத்து, இருப்பவர் வருந்திப் பாடுவது. பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பூவரசன் பிளஸ் டூ படித்திருந்தான்.

வைகாசியில் ஒரு மதியம் திருப்பூரிலிருந்து அழைத்தான். யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அம்மா பெயரையும் ஊரையும் பார்த்திருக்கிறான்.

"சார், செந்துறை மருதாயி எங்க அம்மாங்க. கையறுநிலைன்னு போட்டிருக்கீங்க. மகன் பாடுற மாதிரி இருக்கு. அது செத்தவங்களுக்குப் பாடுறதுதானே சார்?"

நான் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன்.

"நல்லா படிச்சிருக்கீங்க தம்பி," என்றேன்.

வெகுநேரம் அழுதான். நான் போனை வைக்கவில்லை. பிறகு கேட்டான்.

"கொள்ளி யாரு சார் வச்சா?"

"செய்ய வேண்டியவங்க செய்வாங்க தம்பி."

"ஊருக்கு வரட்டுமா சார்?"

"அப்பா எப்பவோ போயிட்டாரு. வந்து யாரைப் பாக்கப் போறீங்க? மனசு தாங்காது. ஆடி அமாவாசைக்குத் திருமழபாடியில கொள்ளிடத்துல தர்ப்பணம் பண்ணுவாங்க. அங்க வாங்க, போதும்."

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுதான் பதில், மேடம். அவன் அம்மா இறந்துவிட்டார் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவன் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னான். பொருள் சரி. இடம்தான் தவறு. நான் திருத்தவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் திருத்துகிறவன். அன்று திருத்தவில்லை.

அதற்குப் பிறகு மருதாயியை நான்கு முறை பார்த்தேன். ஆனி மாதக் கவிதை ஒன்றில், மகன் பாதியில் விட்டுப்போன சட்டைப் பொத்தானை அம்மா தைத்து முடிப்பதாக வரும். அப்படி ஒன்றை ஓர் அழைப்பில் கெடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் வந்திருந்தால் அவருக்கு மகன் கிடைத்திருப்பான். செந்துறையில் எல்லா வீட்டிலும் மகன் இருக்கிறான்.

அமாவாசை அன்று காலை ஏழு மணிக்கு அவன் கடைசியாக அழைத்தான்.

"சார், ஐயரு அம்மாவோட அப்பா பேரு கேக்குறாரு. எனக்குத் தெரியல."

"அண்ணாதுரை," என்றேன். மருதாயி சொல்லி எனக்குத் தெரியும்.

"தண்ணி நெறைய போகுது சார்."

"ஓரமா நின்னு முங்குங்க தம்பி."

ஆற்றில் உபரி நீர் திறந்துவிட்டிருந்ததை நான் முந்தின நாளே செய்தியில் பார்த்திருந்தேன். அதனால்தான் ஓரமாக என்று சொன்னேன். அக்கறை இல்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு முழுகப் போனவன் எழவில்லை. கரையில் சட்டையும் போனும் கிடந்தன. அம்மா பெயர் மருதாயி, செந்துறை, காலமாகிவிட்டார் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். உறவுக்காரர்கள் யாராவது இருந்தால் தகவல் சொல்லலாம் என்று உங்கள் ஏட்டு அங்கே போயிருக்கிறார். கதவைத் திறந்தவர் மருதாயி.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். அவன் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அரை நிமிடம் போதும். அன்று காலை ஏழு மணிக்குக்கூடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வீட்டுக்குப் போவான். போனால் அவர் எழுதமாட்டார். அதனால் சொல்லவில்லை. அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவன் வராமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். எங்கே?

ஒரு நிமிடம். நான் இப்போது ஜன்னலுக்குப் போனேனே, அப்போது பார்த்தேன். வெளியே பெஞ்சில் மருதாயி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கான்ஸ்டபிளிடம் பேனாவும் தாளும் வாங்கி மடியில் வைத்து எழுதுகிறார். புகார் மனு என்று கான்ஸ்டபிள் சொல்கிறார். அவர் இத்தனை வேகமாக, ஓர் இடத்திலும் அடிக்காமல் எழுதி நான் பார்த்ததில்லை. என் பெயர் அதில் இருக்குமாம். முதல்முறையாக எனக்கு எழுதுகிறார்.

முடித்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும், மேடம். பதில் எழுத வேண்டும்.