பிரான்சிலிருந்து வந்த ஆறு பக்கங்கள்

“ரெண்டு வாத்தியாருக்கு ஒரே புள்ளயப் பங்கு போட்டு உடறது எந்த ஊர்லீங்க சார் இருக்குது?”

“பங்கு போட உங்க பொண்ணு என்ன தோட்டமா பொங்கியண்ணன்? படிக்கப் போறா.”

“போறாளா? எங்கீங்க போறா? செப்டம்பர் முப்பது தாண்டி மூணு நாளாச்சு. காயிதம் எங்க?”

“அதை அந்த அம்மாகிட்டக் கேளுங்க. கடைசி நேரத்துல வாயை மூடிக்கிட்டது அவங்க.”

“அவிய பாசை எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்குங்க நிக்கறேன்?”

இது 1995 அக்டோபர் மூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, கணபதியில் என் எஸ்.டி.டி. பூத் வாசலில் நடந்தது. பேச்சு சரியாகக் காதில் விழவில்லை என்பதால் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன். சண்டை போடுகிறவர்களுக்குத் தொண்டை காயும். இருவருக்கும் மோர் கொடுத்தேன். பொங்கியண்ணன் குடித்தார். வெங்கடபதி சார் வேண்டாம் என்றார். நடுவில் பொங்கியண்ணனின் மகள் கோகிலவாணி என் பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்தாளா என்பது நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. ஆகவே பல்கலைக்கழக விசாரணைக் குழு கேட்டபடி எழுதித் தருகிறேன்.

என் பெயர் குழந்தையம்மாள். ஒரு மில் ஆபீசில் பத்தொன்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மில் மூடியதும் பழைய டைப்ரைட்டரை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பூத்தும் ஃபேக்ஸும் ஜெராக்ஸும் பிறகு வந்தவை. பத்தொன்பது வருடமும் நான் அடித்தது ஒரே கடிதம்தான்: நூல் மூட்டை அனுப்பினோம், வந்து சேர்ந்ததா? ஒரு மூட்டையைப் பற்றி எவ்வளவுதான் ஆவலாக இருக்க முடியும்?

பக்கத்து வீட்டுப் பெண் கோகிலவாணி, சாயப்பட்டறைத் தண்ணீரின் நிறத்தைத் தின்னும் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கண்ணாடிக் குடுவையில் அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். ஊறுகாய் மேல் பூப்பதுபோல்தான் இருந்தது. ஆனால் பிரான்சில் ஒரு பேராசிரியை, மதாம் ஒடீல் என்று பெயர், அதற்காக இவளை அழைத்தார். ஒன்றரை வருடம் அங்கே, ஒன்றரை வருடம் இங்கே. இங்கே வழிகாட்டி எங்கள் தெருக் கோடி வீட்டு வெங்கடபதி சார், அங்கே மதாம். ஆய்வேடு ஒன்று, பட்டத்தை இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும். அதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு, எங்கள் வாயில் நுழையவில்லை. தெருவில் ‘ரெட்டை மாமியார் படிப்பு’ என்றே சொன்னோம். எதிர்வீட்டுப் பங்காரம்மா வைத்த பெயர் அது. நான் வைத்ததாகச் சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

இந்தப் படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் அனுப்பித் திருத்தினார்கள். எல்லாம் என் ஃபேக்ஸில்தான். சார் வீட்டில் டெலிபோன் கிடையாது, எழுதிக்கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவருடைய துறைப் போனுக்கு மழை பெய்தால் உயிர் இருக்காது. ஆகவே கடிதத் தலைப்பில் என் பூத் எண்ணையே அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் உண்டு. பெரிய படிப்புப் படித்தவர்கள் அப்படித்தான்.

1994 ஆடியில் முதல் கடிதம் போனது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எப்படி நடக்குமோ அப்படியேதான் இதுவும் நடந்தது. முகூர்த்தம் யார் வீட்டில் என்பதுபோல வாய்மொழித் தேர்வு எந்த ஊரில் என்று ஒரு மாதம். பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதுபோல வழிகாட்டிகளில் யார் பெயர் மேலே என்று இரண்டு மாதம். மதாம் எழுதும் ஆங்கிலம் வணக்கமாக இருக்கும். அடியில் ஒரு முள் இருக்கும். சாருக்கு அது புரியாது, நான்தான் எடுத்துச் சொல்வேன்.

“தங்கள் பல்கலைக்கழகத்தின் வசதிகளைப் பற்றி அறிய ஆவல்னு எழுதியிருக்காங்க சார். அதுக்கு என்னங்க அர்த்தம்?”

“ஆவல்னுதான் அர்த்தம்மா.”

“பொண்ணு ஊட்டுல எத்தனை மாடுன்னு கேக்கறது ஆவலுங்களா?”

அன்று அவர் வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். ஆய்வுக்கூடத்தில் உள்ள மின்விசிறிகளின் எண்ணிக்கை உட்பட.

மதியம் மூன்றுக்கு மேல் ஃபேக்ஸ் மணி அடிக்கும். அங்கே அப்போது காலை. தாள் சுருண்டு வரும்போதே பங்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். “பிரான்சுல என்ன சொல்றாங்க?” கீரைக்காரிகூடக் கூடையை இறக்கிவைத்துக் கேட்பாள். நான் தமிழில் சொல்வேன். கோகிலவாணி கல்லூரியிலிருந்து நேராக என் பூத்துக்குத்தான் வருவாள். “பெரியம்மா, வந்துச்சா?” என்று சைக்கிளிலிருந்து இறங்கும் முன்பே கேட்பாள். வந்திருந்தால் இருவரும் சேர்ந்து படிப்போம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பேசுவோம். அது இன்னும் நன்றாக இருக்கும்.

1995 தையில் எல்லாம் முடிகிற மாதிரி ஒரு கடிதம் சார் எழுதிக்கொண்டு வந்தார். ‘வாய்மொழித் தேர்வு தங்கள் ஊரில் நடப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.’ ஒரே வரி. எனக்கு அது கொஞ்சம் மொட்டையாகப் பட்டது. ‘தங்கள் ஊரில் நடப்பதைப் பற்றிப் பேச எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று அடித்தேன். மரியாதையாக இருந்தது. மதாம் பேசினார், நான்கு மாதம் பேசினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சின்னக் கேள்வியைக் கடைசியில் சேர்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. அங்கே குளிருக்கு என்ன ஏற்பாடு, ஆய்வேட்டின் பிரெஞ்சுச் சுருக்கத்தை யார் எழுதுவது, இப்படி. எல்லாம் நியாயமான கேள்விகள். கேட்காமல் விட்டிருந்தால்தான் தவறு.

இதற்கிடையில் பொங்கியண்ணனுக்குப் பொறுமை போயிற்று. கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு தறி வைத்திருக்கிறவர் அவர். ஒரு நாள் கரண்ட் இல்லாவிட்டாலே அவருக்குப் பொறுக்காது, இங்கே ஒரு வருடமாக ஒன்றும் ஓடவில்லை. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் பெண் கேட்டிருந்தார். மகளைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார்.

“கண்ணு, செப்டம்பர் முப்பதுக்குள்ள அந்தக் காயிதம் கையெழுத்தாகி வந்துருச்சுன்னா நீ போ. நான் தடுக்க மாட்டேன். வல்லீன்னா தை மாசம் கல்யாணம். அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்கப்படாது.”

“சரிங்கப்பா.”

“அக்கா, நீங்களும் கேட்டுக்கங்க.”

கேட்டுக்கொண்டேன். முப்பதாம் தேதிதான் மதாம் தரப்பில் உதவித்தொகைக்கும் கடைசி நாள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

செப்டம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஆறு பக்கம் வந்தது. எல்லா ஷரத்துகளுக்கும் சம்மதம். சார் பெயர் மேலேயே இருக்கலாம். தேர்வு எந்த ஊரிலும் நடக்கலாம். ஆறாம் பக்கத்தில் மதாமின் கையெழுத்தும் அவர்கள் தலைவரின் கையெழுத்தும் இருந்தன. நம் பக்கத்து இரண்டு கையெழுத்தையும் போட்டு அதையே திருப்பி அனுப்பினால் போதும், அசல் தபாலில் பின்னால் வரட்டும் என்று எழுதியிருந்தார்.

அன்று பார்த்துப் பங்காரம்மா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். ஆறு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். கேள்வி ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு கடிதத்துக்கு என்ன பதில் எழுத முடியும்? ஃபேக்ஸ் தாள் சூடு பட்டால் எழுத்து மங்கிவிடும். அதனால் டைப்ரைட்டர் மேஜையின் கீழ் இழுப்பறையில், வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். நாலு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்பதுதான் எண்ணம். நல்ல சேதியை உடனே சொல்லிவிட்டால் அது அன்றோடு தீர்ந்துவிடும்.

ஐந்தே கால் மணிக்குக் கோகிலவாணி வந்தாள். “வந்துச்சா பெரியம்மா?”

“இல்ல கண்ணு. உக்காரு, காப்பி வெக்கறேன்.”

அன்று இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரம் அவள் என்னோடு இருந்ததே இல்லை. பயமாக இருக்கிறது என்றாள். தைரியம் சொன்னேன்.

நாலு நாள் ஆனபோது, ஏன் தாமதம் என்ற கேள்வி வரும் என்று தோன்றியது. அதற்கு ஒரு பதில் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தாறாம் தேதி மதாமிடமிருந்து நினைவூட்டல் வந்தது, ஒரு பக்கம். அதையும் ஆறோடு சேர்த்து வைத்தேன். பிரித்து வைத்தால் தொலைந்துவிடும்.

சார் தாமாக எழுதக் கிளம்பினார். “பொண்ணு ஊட்டுக்காரங்க ரெண்டாந்தரம் ஆளு உட்டா எளக்காரமாப் போயிருமுங்க சார்” என்றேன். அவர் ரோஷக்காரர். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

கோகிலவாணிக்கு அப்படி ரோஷம் ஒன்றும் இல்லை. இருபத்தேழாம் தேதி போன் போட்டுக் கொடுங்கள் என்றாள். போட்டேன். கடைசி எண்ணை மட்டும் ஒன்று தள்ளிப் போட்டேன். யாரோ ஓர் ஆண் எடுத்தார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், ஹோட்டல்காரர் போலிருக்கிறது. இவள் மதாம் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் கோபமாக ஏதோ பேசி வைத்துவிட்டார். அவள் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அவங்க ஆபீஸ்ல திட்டறாங்க பெரியம்மா.”

“பெரிய எடம் அப்படித்தான் அம்மணி. உடு.”

இருபத்தொன்பதாம் தேதி மதாமே கூப்பிட்டார். குரல் நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தது. சார் வெளியூர் போயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகப் போகிறது என்றேன். அது பொய் இல்லை. மதாம் எப்போது என்று கேட்டார், தையில் என்றேன். பிறகு, அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்றார். சொல்ல மறந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் முதலில் எழுதிய சண்டை. சார் மதாமை நம்பிக்கைத் துரோகி என்றார். பொங்கியண்ணன் சாரை வாய்ச்சொல் வீரர் என்றார். இருவரும் பதினான்கு மாதம் என் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தவர்கள், அன்றோடு பேச்சு இல்லை. நான் இரண்டு பேரிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு யாரோடும் சண்டை கிடையாது.

தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ரவை உருண்டை போட்டார்கள், நெய் போதவில்லை. குடுவையில் இருந்த பூஞ்சையைக் கோகிலவாணியின் அம்மா சாக்கடையில் கொட்டிக் குடுவையைக் கழுவி உப்புப் போட்டு வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, இந்த வருடம் மாசியில் மதாம் ஒடீல் பெங்களூரில் ஏதோ கருத்தரங்குக்கு வந்தவர், கோவை வந்து வெங்கடபதி சாரைப் பார்த்தார். தாம் அனுப்பிய ஆறு பக்கத்தையும், என் மெஷின் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன சீட்டையும் கொண்டுவந்திருந்தார். தேதியும் மணியும் அதில் இருந்தன. அந்த நாட்டில் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் கோகிலவாணி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கத்தவில்லை.

“ஏன் பெரியம்மா?”

“கையெழுத்தாயிருந்தா நீ போயிருப்பே கண்ணு. அப்புறம் சாயந்தரம் யாரு வருவா?”

அவள் அந்தத் தாள்களைக் கேட்டாள். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஓர் எழுத்துகூட மங்கவில்லை, அதைக் காட்டினேன். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். ஆக, ஃபேக்ஸை மறைத்தது நான், எண்ணைத் தள்ளிப் போட்டது நான், மதாமிடம் அப்படிச் சொன்னதும் நான். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வெங்கடபதி சார் ஓய்வு பெற்று மைசூரில் மகனோடு போய் இருக்கிறார். பங்காரம்மா பேரன் பிறந்த சாக்கில் ஓசூருக்குப் போனவள் திரும்பவில்லை. பொங்கியண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கருமத்தம்பட்டிக்கே தறிகளோடு இருக்கப் போய்விட்டார். கோகிலவாணியின் வீட்டுக்காரர் கோழிப்பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குக் குடிபோயிருக்கிறார். பாண்டிச்சேரியில் அவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவசரத்தில் விலாசம் கொடுக்கவும் மறந்துவிட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு வரும் தபாலைத் தபால்காரர் என்னிடம்தான் கொடுக்கிறார். பிரான்சிலிருந்து கோகிலவாணி பெயருக்கு இரண்டு கவர்கள் வந்தன. அவசரமாக இருக்குமோ என்று பிரித்துப் பார்த்தேன், அவசரம்தான்: மதாம் அவளை மறுபடி படிக்கக் கூப்பிட்டிருந்தார். பாவம், மதாமைக் காக்கவைக்க வேண்டாமென்று அன்றைக்கே கோகிலவாணி பெயரில் பதிலும் அடித்துப் போட்டுவிட்டேன்.